எட்டா, பத்தா, பன்னிரண்டா?

விருதுநகரிலிருந்து சிவகாசி செல்லும் வழியிலும், சாத்தூர், வெம்பக்கோட்டைச் சுற்றுவட்டாரத்திலும் வாழ்பவர்கள் ஓசையைக் கேட்கும் முறையே தனி. தீபாவளி இரவில் வெடிக்கும் வெடியை நாட்டிலுள்ள அனைவரையும் போலவே நாமும் கேட்கிறோம். ஆனால் சாதாரண வேலைநாள் ஒன்றில், முற்பகல் பதினொரு மணியளவில், தொலைவில் 'தும்' என்று ஏதேனும் கேட்டால் இங்கே யாரும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. கைவேலை நின்றுவிடும். பெண்கள் வாசலுக்கு வருவார்கள். எந்தத் திசையில் புகை எழுகிறது, அந்தத் திசையில் யார் வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறது என்ற கணக்கு மனத்துக்குள் ஓடும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் பட்டாசு ஆலைகளில் நேர்ந்தவற்றை நம் மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மண்ணிலுள்ள எங்கள் கிளைப்பங்கின் சிற்றாலயத்தில், பழைய கிதார் ஆம்ப்ளிபயர் ஒன்றுக்கு எத்தனை அங்குல ஸ்பீக்கர் பொருத்துவது என்றொரு கேள்வி எழுந்தது. கேட்பதற்கு மிகச் சிறிய கேள்வி. கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து முடித்திருக்க வேண்டிய காரியம். ஆனால் அது எங்களைப் பல வாரங்கள் பேசவும் அளக்கவும் சிந்திக்கவும் வைத்தது.

கிதார் நம் ஆலயங்களுக்குள் வந்தது அண்மைக் காலத்தில்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டின் 120ஆம் எண், குழலிசைப் பேழையாகிய ஆர்கனுக்கு உயர்ந்த இடத்தை அளித்துவிட்டு, மற்ற இசைக்கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு பயன்படுத்தலாம் என்று வழி திறந்தது. அதற்கு வைத்த நிபந்தனைகள் கவனிக்கத்தக்கவை. கருவி திருவழிபாட்டுக்குப் பொருந்த வேண்டும். ஆலயத்தின் மாண்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இறைமக்களின் பக்தியை வளர்க்க வேண்டும். கருவி எத்தனை உரக்க ஒலிக்க வேண்டும் என்று அந்த ஏடு சொல்லவில்லை. அதை அந்தந்த ஆலயத்தின் சுவர்களும் மக்களின் செவிகளும்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆம்ப்ளிபயர், பினாங்கில் வேலை பார்த்துத் திரும்பிய பெரியவர் ஒருவர் 1960களில் கொண்டுவந்தது. பெயர்ப்பலகை எப்போதோ உதிர்ந்துவிட்டது. பின்புறம் திறந்த, கைப்பெட்டி அளவே உள்ள மரப்பெட்டி. உள்ளே மூன்று கண்ணாடி வால்வுகள். அவற்றுள் ஓசையை வெளியே தள்ளும் வால்வு ஒன்றே ஒன்று. ஆகவே அதன் திறன் நான்கு வாட்டைத் தாண்டாது. அவருடைய பேரன் சிவகாசியில் அச்சகம் ஒன்றில் வேலை செய்பவர். பாடகர் குழுவில் கிதார் வாசிப்பவர். பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கிப் பார்த்தபோது வால்வுகள் நன்றாகவே ஒளிர்ந்தன. ஆனால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை எலியும் காலமும் சேர்ந்து தின்றிருந்தன. நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தத் தகுதியை நம்பி இளைஞர்கள் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார்கள்.

"சார், இருந்தது எட்டு இஞ்சு. பெரிசா பன்னெண்டு போட்டுருவோமா? சத்தம் நல்லா வரும்ல?" என்றார் பேரன்.

பெரிய ஸ்பீக்கர் என்றால் பெரிய சத்தம் என்பது நம் ஊர்களில் பலரும் நம்புவது. திருவிழாவுக்கு மைக்செட் பேசும்போதே எத்தனை பெட்டி, எத்தனை குழாய் என்றுதான் விலை பேசுகிறோம். இந்த நம்பிக்கையில் எவ்வளவு உண்மை என்று முதலில் பார்ப்போம்.

எட்டு அங்குலம், பத்து அங்குலம் என்பதெல்லாம் ஸ்பீக்கரின் வெளிச்சட்டத்தின் விட்டம். உண்மையில் அசைந்து காற்றைத் தள்ளும் கூம்பு அதைவிடச் சற்றுச் சிறியது. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வதால், எட்டு, பத்து, பன்னிரண்டு ஆகியவற்றின் பரப்புகள் 64, 100, 144 என்ற விகிதத்தில் அமையும். பன்னிரண்டு அங்குலம் எட்டைப் போல ஒன்றரை மடங்குதான் என்று கண் நினைக்கிறது; காற்றோ இரண்டேகால் மடங்கு என்கிறது. கிதாரின் தடித்த தந்தி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. அந்த ஓசையின் ஓர் அலை 13 அடிக்கும் மேல் நீளமானது. இத்தகைய நீண்ட அலைகளைச் சிறிய கூம்பால் வலுவாக எழுப்ப இயலாது. ஆகவே எட்டு அங்குலத்தில் தாழ்ந்த சுரங்கள் மெலிந்து, நடுத்தர ஓசைகளே முன்னால் நிற்கும். பன்னிரண்டு அங்குலத்தில் தாழ்ந்த சுரங்களுக்கு உடல் கிடைக்கும்.

ஆனால் பெரிய கூம்புக்கு ஒரு குறை உண்டு. உயர்ந்த ஓசைகளின் அலைகள் குட்டையானவை; நொடிக்கு 3,000 அதிர்வுகள் என்றால் அலை நாலரை அங்குலம்தான். அலையைவிடக் கூம்பு பெரிதாகும்போது ஓசை நாற்புறமும் பரவாமல், டார்ச் விளக்கின் ஒளியைப் போல நேர்முன்னே பாயும். நேரே அமர்ந்திருப்பவரின் செவியைக் குத்தும். பக்கவாட்டில் இருப்பவருக்கு மங்கிக் கேட்கும். மக்கள் தரையில் அமரும் ஆலயத்தில் இந்தப் பெட்டியைத் தரையில் வைத்தால், முன்வரிசைக் குழந்தைகளின் காதுகளே அந்த நேர்க்கோட்டில் அகப்படும்.

இந்தக் கேள்விகள் நமக்கு மட்டும் உரியவை அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் புல்லர்ட்டன் என்னும் ஊரில் 1938இல் வானொலிப் பழுதுபார்க்கும் கடை தொடங்கிய லியோ ஃபெண்டர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கிதார்களையும் ஆம்ப்ளிபயர்களையும் செய்தார். வியப்பு என்னவெனில் அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. வாசிப்பவர்களிடம் கருவியைக் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டே திருத்தினார். அவருடைய நிறுவனம் மாணவர்களுக்காகச் செய்த 'சாம்ப்' என்ற சிறு ஆம்ப்ளிபயர் முதலில் ஆறு அங்குல ஸ்பீக்கரோடும், பின்னர் 1950களில் எட்டு அங்குலத்தோடும் வந்தது. திறன் ஏறக்குறைய ஐந்து வாட். அடுத்த படியான 'பிரின்ஸ்டன்' எட்டில் தொடங்கி 1960களின் தொடக்கத்தில் பத்துக்கு மாறியது. அதற்கும் மேலான 'டீலக்ஸ்' பன்னிரண்டு அங்குலம் கொண்டது. இங்கிலாந்தில் வாக்ஸ் நிறுவனமும் நான்கு வாட் பெட்டிக்கு எட்டு, பதினைந்து வாட் பெட்டிக்குப் பன்னிரண்டு என்றே அமைத்தது. சிறிய திறனுக்குச் சிறிய ஸ்பீக்கர் என்ற மரபில் விலையும் எடையும் பெட்டியின் அளவும் அடங்கியிருந்தன. மாணவனின் பெட்டி மலிவாகவும் தூக்கிச் செல்லக் கூடியதாகவும் இருக்க வேண்டுமே! ஆகவே அந்த மரபை மீறலாம். மீறினால் என்ன ஆகும் என்பதை மட்டும் அறிந்திருக்க வேண்டும்.

நான் இளைஞர்களிடம் மூன்று செய்திகளைச் சொன்னேன். முதலாவது, ஓம் கணக்கு. வால்வு ஆம்ப்ளிபயரின் டிரான்ஸ்பார்மர் எத்தனை ஓமுக்குச் செய்யப்பட்டதோ, அத்தனை ஓம் ஸ்பீக்கரைத்தான் இணைக்க வேண்டும். எங்கள் பெட்டியில் நான்கு, எட்டு என இரண்டு முனைகள் இருந்தது நல்வாய்ப்பு. ஸ்பீக்கரே இல்லாமல் இதை இயக்கி வாசிக்கக் கூடாது, டிரான்ஸ்பார்மர் எரிந்துவிடலாம். உள்ளே 250 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். ஆகவே உள்ளே கைவைப்பது அனுபவமுள்ள ரேடியோ மெக்கானிக்காக இருக்கட்டும்.

இரண்டாவது, ஸ்பீக்கரின் முதுகில் எழுதியிருக்கும் வாட் கணக்கு. அது ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு ஒலிக்கும் என்பதைச் சொல்வதில்லை. இருநூறு வாட் ஸ்பீக்கரை நான்கு வாட் ஆம்ப்ளிபயரில் இணைத்தால் இருநூறு வாட் ஓசை வராது.

மூன்றாவதுதான் முதன்மையானது. ஒரு வாட் மின்திறன் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் ஒலிக்கிறது என்பதே அதன் உணர்திறன். மூன்று டெசிபல் கூடினால், ஆம்ப்ளிபயரின் திறனை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 94 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 100 டெசிபல் ஸ்பீக்கரைப் போட்டால், அந்த நான்கு வாட் பதினாறு வாட்டைப் போல ஒலிக்கும். கிதாருக்கென்றே செய்யப்படும் ஸ்பீக்கர்களின் கூம்பு மெல்லிய காகிதத்தால் ஆனது. குறைந்த திறனிலும் உரக்கப் பேசும் இயல்பு அதற்கு உண்டு. ஆகவே அங்குலத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

சொன்னதைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்தபின் நான்கு ஸ்பீக்கர்கள் ஆலயத்துக்கு வந்தன. எட்டு அங்குலம் ஒன்றை விலைக்கு வாங்கினோம். பத்து அங்குலக் கிதார் ஸ்பீக்கரையும் பன்னிரண்டு அங்குலக் கிதார் ஸ்பீக்கரையும் மதுரையின் மெல்லிசைக் குழுவினர் சிலர் இரவல் கொடுத்தார்கள். எங்கள் ஊர் மைக்செட்காரர் தம்முடைய பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரைத் தாமே சுமந்து வந்தார். "இதக் கேட்டுப் பாருங்க சார், கும்முன்னு இருக்கும்" என்றார்.

ஆலயம் நாற்பது அடி நீளம், இருபது அடி அகலம். மேலே காங்கிரீட் கூரை. திருப்பலி முடிந்தும் வீட்டுக்குப் போகாத பெண்களும் குழந்தைகளும் வேடிக்கை பார்க்க அமர்ந்திருந்தார்கள். அது நல்லதாயிற்று. வெறுமையான கூடமும் மக்கள் அமர்ந்த கூடமும் ஒரே விதமாக ஒலிப்பதில்லை. மனித உடலும் உடையும் ஓசையை உறிஞ்சும்.

எட்டு அங்குலம் தெளிவாகப் பேசியது. ஆனால் தகரப்பெட்டிக்குள்ளிருந்து பேசுவது போலப் பேசியது. பாடகர்கள் சேர்ந்து பாடியதும், ஈடுகொடுக்க ஆம்ப்ளிபயரை முழுவதும் திருப்ப வேண்டியிருந்தது. அப்போது ஓசை கரகரத்தது. சினிமாப் பாட்டுக்கு அந்தக் கரகரப்பு அழகாக இருக்கலாம். தியானப் பாடலுக்கு அது பொருந்தவில்லை. அடுத்து மைக்செட்காரரின் பன்னிரண்டு. அனைவரும் காதைப் பொத்தத் தயாரானார்கள். வந்ததோ எட்டைவிடத் தணிந்த, போர்வைக்குள்ளிருந்து வருவது போன்ற ஓசை! அதன் கனத்த கூம்பை அசைக்க எங்கள் நான்கு வாட்டுக்கு வலு இல்லை. மைக்செட்காரர் குனிந்து இணைப்பை இருமுறை சரிபார்த்தார். பெரியது உரக்க ஒலிக்கும் என்ற நம்பிக்கை அந்த இடத்திலேயே பாதி தளர்ந்தது. பத்து அங்குலம் நிறைவாக இருந்தது. தாழ்ந்த சுரங்கள் காதில் விழுந்தன. குரல்களை அவை மூடவில்லை.

கடைசியாகப் பன்னிரண்டு அங்குலக் கிதார் ஸ்பீக்கர். முதல் மீட்டிலேயே எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தச் சின்னப் பெட்டிக்குள் இத்தனை பெரிய குரல் ஒளிந்திருந்ததா என்று வியந்தோம். ஆழம், இனிமை, உரப்பு யாவும் ஒருங்கே இருந்தன. "இதான் சார், இதான்" என்றார்கள் இளைஞர்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

வாசித்து முடித்த பேரன், மகிழ்ச்சியின் வேகத்தில், ஓசையைக் குறைக்காமலே கிதாரிலிருந்து வயரை உருவினார். வால்வு ஆம்ப்ளிபயர் இயங்கிக்கொண்டிருக்கும்போது அப்படிச் செய்தால் ஸ்பீக்கர் ஒருமுறை அதிரும் என்பதை மேடையில் வாசிப்பவர்கள் அறிவார்கள். 'தும்' என்றது. பன்னிரண்டு அங்குலக் கூம்பு, காங்கிரீட் கூரை. அந்த ஒரு நொடியில் அமர்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் ஆம்ப்ளிபயரைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்தார்கள். பட்டாசு ஆலைகள் இருக்கும் தெற்குப் பக்கத்துச் சன்னலை. பின்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி எழுந்து வாசற்படிவரை போய்விட்டார். அவருடைய கணவர் ஆலை விபத்தொன்றில் இறந்தவர். மகள் இன்னும் ஆலை வேலைக்குப் போகிறாள். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆலை விடுமுறை என்பது அவருக்குத் தெரியாததல்ல. பேரனின் முகம் வாடிவிட்டது. அவர் திரும்பி வந்து அமர்ந்துகொண்டே, யாரையும் குறை சொல்லாத குரலில், "ஒண்ணுமில்ல தம்பி. காது தானாத் திரும்பிருது" என்றார்.

அதன்பிறகு பன்னிரண்டைப் பற்றி யாரும் பேசவில்லை. பேரனே அதைக் கழற்றி, வந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்தார்.

பட்டாசின் ஓசைக்குச் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மிகக் கூடாது என்கிறது. ஒலிபெருக்கிகளுக்கும் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் உண்டு; குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது அவற்றின் அளவு. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று கிறிஸ்தவர்களாகிய நாம் நினைவில் கொள்ளத்தக்கது. சென்னையில் டிரம்ஸ், கிதார் முதலிய கருவிகளோடு ஜெபம் நடத்திய சபை ஒன்றைப் பற்றி அக்கம்பக்கத்துக் குடியிருப்போர் தொடுத்த வழக்கு அது. பிறர் அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கியாலும் முரசாலும் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று நீதிமன்றம் கருதியது. அந்தச் சபை எந்தச் சபை என்பதை விட்டுவிடுவோம். கிதாரும் ஒலிபெருக்கியும் இருக்கும் ஆலயங்கள் யாவற்றுக்கும் அந்தச் சொல் உரியது. ஆனால் எங்கள் ஆலயத்தில் நடந்ததை எந்த டெசிபல் கணக்கும் பிடிக்காது. அந்த 'தும்' சட்டத்தின் எல்லைக்குள்தான் இருந்திருக்கும். அது யாருடைய காதில் விழுந்தது என்பதுதான் வேறு.

பத்து அங்குலத்தைத் தேர்ந்தோம். அதற்கும் அதிர்ச்சியூட்டும் வலு முற்றிலும் இல்லாமல் இல்லை. ஆயினும் அடிவயிற்றைத் தொடும் அந்தத் தாழ்ந்த முழக்கம் அதில் குறைவு. மெல்லிசைக் குழுவினர் இரவல் ஸ்பீக்கரையே குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். பழைய பெட்டியில் பத்து அங்குலத்துக்கு இடமில்லை. பழையதை அறுத்துப் பெரிதாக்க எனக்கு மனமில்லை. தனிப்பெட்டி ஒன்று செய்துவிடலாம் என்றேன். அச்சகத்துக்கு வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வந்திறங்கிய பைன் மரச் சட்டங்கள் பின்கட்டில் கிடந்தன. முதலாளியிடம் கேட்டு வாங்கித் தச்சரிடம் கொடுத்தோம். ஃபெண்டர் நிறுவனமும் தொடக்கக் காலத்தில் பைன் பலகையில்தான் பெட்டி செய்தது என்றபோது தச்சர் சிரித்தார்.

பெட்டியின் பின்புறத்தைத் திறந்தே விட்டோம். அப்படி விட்டால் கூம்பின் முன்னும் பின்னும் எழும் தாழ்ந்த அலைகள் ஒன்றையொன்று ஓரளவு தணித்துக்கொள்ளும், முழக்கம் மட்டுப்படும், நடுத்தர ஓசை கூடத்தில் பரவும். சுவர் மூலையில் வைத்தால் தாழ்ந்த ஓசை பெருகிவிடும் என்பதால் மூலையைத் தவிர்த்து, சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி, முக்காலியின்மேல் சற்றே அண்ணாந்து பார்க்கும்படி வைத்தோம். இப்போது ஓசை குழந்தைகளின் தலைக்கு மேலாகச் சென்று பின்வரிசையை அடைகிறது.

ஸ்பீக்கரின் கூம்பும் காகிதம். நம் மக்கள் நாள் முழுவதும் உருட்டும் வெடிக்குழாயும் காகிதம். ஒன்று கிழிந்து ஒரே ஒருமுறை ஒலிக்கிறது. மற்றது கிழியாமல் அதிர்ந்து ஆண்டுக்கணக்கில் ஒலிக்கிறது. அந்தப் பெட்டியைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருவதுண்டு.

வேறு பங்குகளின் பாடகர் குழுவினர் சிலர் இப்போது என்னிடம் யோசனை கேட்கிறார்கள். உங்களுடையதும் இத்தகைய சிறிய பழைய ஆம்ப்ளிபயராக இருந்தால், தனியே வீட்டில் பயில்வதற்கு எட்டு போதும். சிற்றாலயத்தில் நூறு பேரோடு சேர்ந்து பாடுவதற்குப் பத்து பொருந்தும். பெரிய ஆலயத்துக்கு உணர்திறன் மிக்க பன்னிரண்டு தேவைப்படலாம் என்று சொல்கிறேன். ஓமைச் சரிபாருங்கள், டெசிபலைக் கேளுங்கள் என்கிறேன். அதோடு, ஆலயத்தில் வைத்து, மக்கள் அமர்ந்திருக்கும்போது கேட்டுப் பாருங்கள் என்றும், வாசிப்பவரைப் பார்க்காமல் பின்வரிசையில் இருப்பவர்களின் முகங்களைப் பாருங்கள் என்றும் சொல்கிறேன்.

எங்கள் பேரன் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் இறுதிப் பாடல் முடிந்ததும் முதலில் ஆம்ப்ளிபயரிடம் போகிறார். ஓசைக் குமிழைச் சுழியத்துக்குத் திருப்புகிறார். ஒரு மூச்சு நேரம் காத்திருக்கிறார். அதன் பின்புதான் வயரை உருவுகிறார். இதைக் குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சுரத்தைக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே கற்றுக்கொடுக்கிறார்.